பெரிலுக்குத் தெரியாத பழுதுகள்

பெரில் கராஜுக்குள் ஓடி வந்தபோது அவள் கணவர் கிளைவின் தலை கராஜை நடத்தும் லொரேனின் மடியில் இருந்தது.

பக்கத்தில், ஆளுயரத்துக்கு மேலே, படுக்கையும் அடுப்பும் வைத்த அவர்களுடைய வீட்டுவண்டி, வண்டி தூக்கும் லிஃப்டில் ஏறி நான்கு சக்கரங்களையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. லொரேனின் போன் வந்ததும் பெரில் வீட்டுச் செருப்போடு மூன்று தெரு ஓடி வந்திருந்தாள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தி இன்னும் கையில் இருந்தது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன் பெரில். விட்பி டவுன்லேர்ந்து வரணுமாம்," என்றாள் லொரேன். "கிளைவ், இதோ பாருங்க, பெரில் வந்துட்டாங்க."

கிளைவ் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு அந்தப் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

லொரேன் சட்டென்று அவர் தலையைத் தரையில் இறக்கினாள். நெஞ்சின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பது ஆனதும் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி எண்ணினாள்.

பெரில் நின்ற இடத்திலேயே நின்றாள். பிற்பாடு எத்தனையோ நாள் இதை நினைத்து அவள் கூசிப்போனாள். அந்த நேரத்திலும் அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: இவள் இந்த வாயை இதற்கு முன்னாலும் தொட்டிருக்கிறாளா?

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. பச்சை உடுப்புப் பெண் ஒருத்தி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உயிர் போன நேரத்தைச் சொன்னாள். லொரேன் எண்ணியது பெரிலின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினேழு வருடமாக இதே கதை. ஒவ்வொரு மார்ச் மாதமும் வண்டியைத் தகுதிச் சோதனைக்கு விடும் நாளில் கிளைவ் வழவழவென்று சவரம் செய்துகொள்வார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். சோதனை என்னவோ ஒரு மணி நேர வேலைதான்; பெரில் அதை வேறொரு கராஜில் விசாரித்தே வைத்திருந்தாள். கிரீஸ் நாற்றத்தோடும் சீட்டியோடும் வீடு திரும்புகிறவரிடம், "உங்க வண்டி டாக்டரம்மா சௌக்கியமா?" என்பாள். "வண்டி தங்கம்னு சொல்லிட்டா," என்பார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கராஜின் சின்ன அறையில் லொரேன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஐம்பத்தெட்டு வயது, விதவை, நகக்கண்ணில் கறுப்பு. பெரில் கோப்பையைத் தொடவில்லை.

"கடைசியா என்ன பேசினாரு?"

"வண்டியப் பத்திதான்."

"அதான் என்னன்னு கேக்குறேன்."

லொரேன் கையைத் துணியில் துடைத்தாள். முன்பே துடைத்த கைதான். "பின் பிரேக் குழாய் துருப்பிடிச்சு அரிச்சுப்போச்சுன்னு சொன்னேன். டயர்ல மேல்வரி தேயவே இல்ல, ஆனா பக்கவாட்டுல பூரா வெடிப்பு. ஸ்டீயரிங் முட்டியில ரப்பர் கிழிஞ்சிருக்கு. நம்பர் பிளேட் லைட் எரியல. இந்த வருஷம் பாஸ் ஆகாது கிளைவ், ரோட்டுல எடுக்கவே கூடாதுன்னேன். வண்டிக்கும் நம்மள மாதிரி வயசாயிடுச்சேன்னு சிரிச்சாரு. அப்புறம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு."

"என்னப் பத்தி?"

லொரேன் துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"பொய் சொல்லாத. எனக்கு ஆறுதல் வேண்டாம்."

"பெரில்கிட்ட சொல்லாதேன்னாரு."

"எதை?"

"குழாய. ஒவ்வொரு வருஷமும் எந்தப் பழுது வந்தாலும் அதையேதான் சொல்லுவாரு. வேல்ஸ் மலையில பிரேக் பிடிக்காம நீங்க ரெண்டு பேரும் வேலியில போய் இடிச்சீங்களாமே. இன்னொரு தடவ இப்படி ஆனா இந்த வண்டியில ஏற மாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணீங்களாம். அதனால மொதல்ல பழுதெல்லாம் பாத்து, நானும் அவரும் அடியில படுத்துச் சரி பண்ணிட்டு, அப்புறந்தான் டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் எழுதுவேன். தங்கம்னு அவரு வீட்டுல வந்து சொன்னா அது பொய்யா இருக்கக் கூடாதாம்."

வெளியே யாரோ லாரியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார்கள். லொரேன் எழுந்து போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

"பதினேழு வருஷம்," என்றாள் பெரில்.

"ஆமா."

"பயத்தக்கூட உன்கிட்டதான் குடுத்து வச்சிருக்காரு."

லொரேன் மேல் இருந்த சந்தேகம் விட்டுப்போயிற்று. பெரிலுக்கே அது தெரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. முத்தமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இதை என்ன சொல்லித் திட்டுவது? வண்டி மலையிறங்கும்போதெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அந்த மனிதரின் பக்கத்தில், ஒன்றும் தெரியாமல் பின்னல் பின்னிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பத்தாம் நாள் அடக்கம் நடந்தது. லொரேன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் இருந்தாள். பெரிலிடம் துக்கம் சொல்லிக் கைகுலுக்கும் வரிசையில் நிற்காமல் போய்விட்டாள். சடங்கு முடிந்து எல்லாரும் தேவாலயக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கிளைவின் நல்ல குணங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொண்டாட்டிகிட்ட ஒரு விஷயம் மறைக்காத மனுஷன்," என்று யாரோ ஒரு பழைய நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரில் தட்டைக் கீழே வைத்தாள். கழிப்பறைக்குப் போகிறவள்போல எழுந்து, பின்கதவு வழியாக வெளியேறி, கராஜை நோக்கி நடந்தாள்.

லொரேன் அப்போதுதான் கறுப்பு உடையை மாற்றி வேலைச்சட்டைக்கு வந்திருந்தாள்.

"வண்டியத் தூக்கு," என்றாள் பெரில்.

"இப்பவா?"

"தூக்கு. நான் பாக்கணும்."

வண்டி முனகிக்கொண்டே மேலே போயிற்று. பெரில் கறுப்புக் கோட்டோடு அதன் அடியில் போய் நின்றாள். இருபது வருடம் மேலே உட்கார்ந்து போனவள், அடியை இப்போதுதான் பார்க்கிறாள். எங்கு பார்த்தாலும் ஒட்டு, தாரைப் பூசிய இடம், கம்பி போட்டு இறுக்கிய கட்டு.

"இது யாரு வேலை?"

"அவரு. கோணலா இருக்கு பாருங்க."

"இது?"

"அது நான்."

"இது?"

"ரெண்டு பேரும். ஒரு நாள் பூரா ஆச்சு."

பெரில் அந்த இடத்தில் சற்றுக் கூடுதல் நேரம் நின்றாள். கைப்பைக்குள் அலைபேசி அடித்தது. கூடத்தில் தேடுகிறார்கள் போலிருக்கிறது. அவள் எடுக்கவில்லை.

"அந்தக் குழாய் எது?"

லொரேன் காட்டினாள். "மாத்தணும்னா ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கணும். தனியாச் செய்ய முடியாது. அதான் அப்படியே கெடக்கு."

பெரில் கோட்டைக் கழற்றி, மாட்டுவதற்கு இடம் தேடிப் பார்த்துவிட்டு, மடித்துத் தரையிலேயே வைத்தாள். மேல்சட்டையின் கைப்பட்டனைக் கழற்றி முழங்கைவரை சுருட்டினாள்.

"நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

லொரேன் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள்.