நாலு என்றால் நாலுதான்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆர்டர் பலகையைப் பார்த்தவள், கையிலிருந்த கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வீசிப் போட்டாள்.

பலகையில் அவள் புருஷனுடைய மணிமணியான கையெழுத்து. "ஞாயிறு, மதியம் ஒரு மணி. தையல்கடை அம்மா. கடை மாடி ஹால். நாலு பேர். சாப்பாடு நாலு பேர் மெச்சுகிற மாதிரி இருக்கணும்." கடைசியில் முற்றுப்புள்ளி வேறு.

"ஏங்க! இங்க கொஞ்சம் வாங்க. இது என்ன?"

"ஆர்டர்" என்றார் புருஷன்.

"ஆர்டர்னு எனக்கும் தெரியுது. எத்தனை பேருக்கு?"

அவர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு."

"ஐயோ, ஐயோ. நாலு பேருன்னா நாலு பேரா? 'நாலு இடம் அலைஞ்சேன்'னு சொல்றோம், 'நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டேன்'னு சொல்றோம். எண்ணிப் பாத்தா சொல்றோம்? அது பேச்சுங்க! ஒரு ஹாலை வச்சுக்கிட்டு யாராவது நாலு பேருக்குச் சாப்பாடு சொல்வாங்களா?"

"நான் அந்தம்மாகிட்ட..."

"நீங்க அந்தம்மாகிட்ட இனிமே ஒண்ணும் பேச வேணாம். நாப்பது பேருக்குச் செய்றோம். அழிச்சுட்டு எழுதுங்க."

புருஷன் அழித்துவிட்டு எழுதினார். நாற்பது என்று எண்ணில் எழுதி, பக்கத்திலேயே எழுத்திலும் எழுதினார்.

அவளை ஊரில் பாதிப் பேருக்கு 'டீச்சர்' என்றுதான் தெரியும். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, சமையல் டீச்சர். வார நாட்களில் மூன்று வீடுகளுக்குப் போய் அங்கேயே சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். வாரக்கடைசியில் சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் சாப்பாடு. சனிக்கிழமை காலை மட்டும் தன் சமையலறையில் எட்டுப் பேருக்கு வகுப்பு. ஆறு வருஷம் தனியாகவே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அவரும் வீட்டோடு வந்து சேர்ந்தார். போன் எடுப்பது, பட்டியல் எழுதுவது, வேன் ஓட்டுவது, பாத்திரம் தூக்குவது எல்லாம் அவர் வேலை ஆனது.

அச்சகத்தில் அவர் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவர். எழுதியவன் என்ன எழுதினானோ அது அப்படியே வரவேண்டும், நம் மூளையை அதில் கலக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவர் சமையலறைக்கும் கொண்டுவந்துவிட்டதுதான் அவள் தலையெழுத்து.

வகுப்புக்குக் குறிப்பு அச்சிட்டுத் தருகிறேன் என்று ஒருநாள் மூலையில் உட்கார்ந்து அவள் பேசப் பேச எழுதினார். அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேர் கையிலும் ஒரு தாள். "வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். ஏம்மா, இதுவா பொடி? மாட்டுக்கா போடப்போறீங்க? அந்த டாக்டரம்மா கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க, இவங்ககிட்ட யாரு ஆபரேஷன் பண்ணிக்கிறாங்களோ." ஒரு எழுத்துப்பிழை கிடையாது. டாக்டரம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார். அந்தம்மா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததால் டீச்சர் பிழைத்தாள்.

அது போகட்டும் என்றால், அவள் போய்ச் சமைக்கிற மூன்று வீடுகளில் ஒன்றில், வயிற்றுப்புண் வந்த ஒரு கணக்கு வாத்தியார். "பத்து நாளைக்குக் காரமே வேணாம்" என்று போனில் சொன்னார். பதினோராம் நாள் புருஷன் எழுதிக் கொடுத்த பட்டியலில் 'காரம் உண்டு' என்றிருந்தது. அவளும் நம்பிப் போட்டாள். வாத்தியார் ஒரு மணி நேரம் விக்கினார்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை, பலகை முன்னால் நின்று, அவள் வாயில் அது வந்துவிட்டது. "இதோ பாருங்க. இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா, பேசாம உங்க அண்ணன் கடைக்கே போயிடுங்க."

அண்ணனுக்கு நாலு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில் இரும்புக்கடை. சரக்குப் பட்டியல் எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும், கடை மாடியிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் யார் வீட்டு விசேஷத்திலாவது அண்டாவோடு நிற்பாள். இது புருஷனுக்கும் தெரியும். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அது அதிகமாகப் பட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

"சரி" என்றார் புருஷன். அந்த 'சரி' அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

சனிக்கிழமை வகுப்பில் எட்டுப் பேருக்கும் கத்தியைக் கொடுத்து, இன்றைக்குப் பாடம் மொத்தமாக நறுக்குவது என்று அறிவித்தாள். ஏழு கிலோ உருளைக்கிழங்கு, நாலு கிலோ கேரட், கண்ணெல்லாம் எரிகிற அளவுக்கு வெங்காயம். புருஷன் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தது. அதைப் பார்க்கக்கூட அவளுக்குக் கடுப்பாக இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் நடுவில்.

"சொல்லவே வேணாம். சீவுங்க."

நாலு நாற்பதான கதை தெரிந்த டாக்டரம்மாதான் கேட்டாள். "டீச்சர், சந்தேகமா இருந்தா அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"ஆர்டர் எடுத்து ரெண்டு நாள் கழிச்சு எத்தனை பேருன்னு கேட்டா, இவங்க என்ன தொழில் பண்றாங்கன்னு நினைக்க மாட்டாங்களா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

புருஷன் சீவுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். யார் அந்த நாலு பேர் என்று கேட்டுவிடுவாரோ என்றிருந்தது. அவள் முறைத்த முறைப்பில் தலை மறுபடி குனிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு வேன் தையல்கடை வாசலில் நின்றது. மாடிப்படி ஒரு ஆள் ஏறுகிற அகலம். சூப் அண்டாவை முன்னால் அவளும் பின்னால் அவருமாகப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள். அப்புறம் கோழி, அப்புறம் சோறு, உருளைக்கிழங்கு, காய்கறி, பழக்கூழ், நாற்பது தட்டு, நாற்பது கிண்ணம். ஐந்தாவது நடையில் அவளுக்கு முட்டி கழன்றுவிடும் போலிருந்தது.

ஹாலில் தையல் இயந்திரங்களைச் சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். நடுவில் துணி வெட்டுகிற நீள மேஜை. அதன் ஒரு முனையில் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருந்தது. நாற்காலி நாலு.

டீச்சர் இன்னொரு தடவை எண்ணினாள். நாலுதான்.

மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மூவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. நாலாவதாக எழுந்து வந்தவள் தையல்கடை அம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்ற அண்டாக்களைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் யாருக்கு? போற வழியில இன்னொரு இடத்துல இறக்கணுமா?"

"இல்லம்மா" என்றாள் டீச்சர். "இங்கதான். ஹால்னு சொன்னீங்களே. நாலு பேரு மெச்சணும்னு..."

"ஆமா. இந்த நாலு பேருதான். இந்தக் கட்டடம் கைமாறுது. முப்பது வருஷமா நாங்க நாலு பேருதான் இந்த ஹால்ல தைச்சுக்கிட்டிருந்தோம். கடைசியா ஒருநாள் உக்காந்து சாப்பிடுவோம்னு. இந்த மூணும் லேசுல எதையும் மெச்சாதுங்க. நானும்தான். அதான் அப்படிச் சொன்னேன்." தையல்கடை அம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்கதானே போன்ல பேசினது? நீங்கதான் தெளிவாக் கேட்டீங்களே!"

"கேட்டாரா?" என்றாள் டீச்சர்.

"'அம்மா, நாலுன்னா நாலா, இல்ல பேச்சுக்கு நாலா'ன்னு கேட்டாரும்மா. நான் சிரிச்சுட்டேன். 'என்னையும் சேத்து நாலே நாலுதான் தம்பி'ன்னேன். இப்படி யாருமே கேட்டதில்ல என்னை. இவங்ககிட்டகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். டீச்சருக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் நின்ற புருஷன் தட்டுக் கட்டைப் பிரித்து, மேலிருந்து நாலு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பரிமாறினார்கள். அந்த நாலு பேரும் உண்மையிலேயே லேசில் மெச்சுகிறவர்கள் இல்லை. ஒருத்தி சூப்பில் மிளகு தூக்கல் என்றாள். ஒருத்தி கோழி பரவாயில்லை என்றாள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு. பேச்சு முழுக்க யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டைக்குக் கை இரண்டையும் இடம் மாற்றித் தைத்த பழைய கதை. சாப்பிட்டு முடித்து நாலு பேரும் வீட்டுக்கு இரண்டிரண்டு டப்பா வாங்கிக்கொண்டார்கள். அண்டாக்கள் பாதிகூடக் குறையவில்லை. ஏறின படியெல்லாம் மறுபடி இறங்கி, எல்லாம் வேனுக்குத் திரும்ப வந்தது.

வேன் கிளம்பியது. புருஷன் ஓட்டினார். பின்னாலிருந்து கோழி வாசனை வந்துகொண்டே இருந்தது. 'நான்தான் சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பதிலுக்கு இரண்டு கத்தினால் மனசு ஆறும். மனுஷன் கண்ணாடியைப் பார்ப்பதும் கியரை மாற்றுவதுமாக இருந்தார்.

"ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன்."

"அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லவே வேணாம்னு சொன்னே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனுஷனோடு ஒரு பேச்சு பேசி ஜெயிக்க முடியாது. பேச்சை மாற்றினாள். "சரி, விடுங்க. நாளைக்கு வாத்தியார் வீட்டுப் பட்டியலையாவது இன்னிக்கே எழுதி வையுங்க."

"எழுதிட்டேன். இந்த மாசம் முழுக்க எழுதிப் பலகைக்குக் கீழ வச்சிருக்கேன். காரம் வேணாம்னு எல்லா நாளுக்கும் போட்டிருக்கேன்."

"மாசம் முழுக்கவா? எதுக்கு?"

"நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ். அண்ணன்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் உயர்ந்தது. "யாரு உங்களைப் போகச் சொன்னா?"

"நீதான். வெள்ளிக்கிழமை. 'இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா அண்ணன் கடைக்கே போயிடுங்க'ன்னு."

"தப்பு நீங்க பண்ணலையே! நான்தானே பண்ணேன்!"

"யாரு பண்ணாங்கறது அதுல இல்ல. நடந்துச்சுன்னான்னுதான் சொன்னே. நேத்து ஏழு கிலோ உருளைக்கிழங்கையும் நறுக்கி முடிச்சப்பவே நடந்தாச்சு. சாயங்காலம் அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டு வராது. கோபமும் இல்லை. இரண்டு வருஷமாகத் தினம் திட்டு வாங்கியவரின் களைப்பு இருந்தது, அவ்வளவுதான். அதை இதுவரை பார்க்காமல் போனோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அது பேச்சுக்குச் சொன்னதுங்க. போங்க வாங்கன்னு நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். முன்னப்பின்னத் தெரியாத அந்தம்மாகிட்ட நாலுன்னா நாலான்னு கேக்கத் தெரிஞ்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா?"

சிக்னலில் வேன் நின்றது. புருஷன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "நீ 'ஆமா, போங்க'ன்னு சொல்லிட்டா? அதான் கேக்கல."

டீச்சருக்கு வாய்வரை பத்துப் பதில் வந்தது. அண்டாவை இனிமே நான் ஒருத்தியா தூக்கறது? வேனை யாரு ஓட்டுவா? போனை யாரு எடுப்பா? எல்லாமே சுற்றி வளைத்த பேச்சு. இந்த ஆளிடம் அதெல்லாம் வேலைக்கு ஆகாது. வேன் ஓட்ட ஆள் போட்டுக்கோ என்று உண்மையாகவே சொல்லிவிடுவார். ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"போகாதீங்க" என்றாள். "எனக்கு நீங்க வேணும். பாத்திரம் தூக்க இல்ல. எனக்கு."

கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு நேராக அவள் எதையும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது, கண் கலங்கியது, அதற்கும் எரிச்சல் வந்தது. விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. புருஷன் கியரைப் போட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

மற்றவர்கள் இதைச் சொன்னால் தட்டிக் கழிக்கிறார்கள் என்று அர்த்தம். இவர் சொன்னால் யோசிக்கப் போகிறார் என்று மட்டும்தான் அர்த்தம். 'இதுல யோசிக்க என்ன இருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் யோசித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.