பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

1
இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது. தொண்ணூற்றாறில், படையினர் பிடித்துச் சென்றவர்களின் பெயர்களைத் திரட்டும் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகமொன்றுக்கு சீ (C) என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதினேன். ('கடற்காற்று வீசிய ஒரு மாலையில்...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். எங்கள் அறைக்கு ஜன்னலே இல்லை.)

2
நாகேஸ்வரி அக்கா தம்பியைத் தேடி வந்தார்.

"பேர் ஸ்ரீஸ்கந்தராசா. வடிவாப் பாரும் பிள்ளை."

அந்தப் பெயரை நானே தட்டச்சு செய்த நினைவு. கணினியோ இல்லை என்றது.

இரண்டு சமக்குறி போட்டுப் பெயர்களை ஒப்பிட்டிருந்தேன், மடைச்சி. அப்படிக் கேட்டால் சீ மொழி எழுத்துகளைப் பார்க்காது. அவை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கின்றன என்றுதான் பார்க்கும். பெயர் ஒன்றானாலும் முகவரி வேறென்றால் ஆள் வேறு. (கொழும்பின் காலி வீதிச் சோதனைச் சாவடியிலும் முதலில் முகவரியைத்தான்... வேண்டாம், இது கட்டுரையாகிறது.)

3
எழுத்தெழுத்தாக ஒப்பிடும்படி திருத்தினேன். அப்போதும் இல்லை. பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து இடம்தான் ஒதுக்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி எனக்கு எங்கள் பெயர்களின் நீளம் தெரியாதா? பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன்; அதில் அவன் பெயர் பதினான்கு எழுத்து. கடைசி இரண்டும் சேமிக்கப்படவேயில்லை.

முதல் பன்னிரண்டை மட்டும் ஒப்பிடச் சொன்னேன். திரையில் இருவர் வந்தார்கள், இருவருமே 'ஸ்ரீஸ்கந்தரா'. ஒருவர் ராசா, மற்றவர் ராசன் என்று தட்டியது நினைவிருக்கிறது, எதை முதலில் தட்டினேன் என்பது நினைவில்லை. ஒரு பெயருக்கு எதிரே 'விடுதலை'. மற்றதற்கு எதிரே 'இறப்பு'. இருவரின் முகவரியும் ஒரே லொட்ஜ். அதுவும் சுற்றிவளைப்புக்குப் பிறகு பூட்டிக் கிடந்தது.

"பேர் எழுதின தாள் இருக்குமெல்லே?" அக்கா கேட்டார்.

சோதனை வந்தால் என்ற பயத்தில், தட்டி முடித்த கையோடு கிழித்துவிட்டேன். பட்டியலை இரகசியமாகத் தந்தவரும் பிறகு வரவில்லை.

"என்ன பிள்ளை, இருக்கிறானோ?"

4
முடிவு ஒன்று: "ஓம் அக்கா" என்றேன். அவர் அழுதுகொண்டே...

முடிவு இரண்டு: திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர்...

இரண்டையும் பலமுறை எழுதிப் பார்த்தேன். எது நடந்தது, எதை நான் கற்பனையில் கட்டினேன் என்று எனக்கே இப்போது குழப்பம். வெட்கமாகவும் இருக்கிறது. வாசகரே, இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறேன்:

ஸ்ரீஸ்கந்தரா _ _

நிரப்புங்கள். ஆனால் அக்கா இன்னும் எதிர்க் கதிரையில்தான் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்ப வேண்டும்.