ஒன்பதாம் ஊரின் சைபர்

அந்த ஒரு மின்னஞ்சல் மட்டும் வராமல் இருந்திருந்தால் ரூபா பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பாள். கென்யாவிலிருந்து யாரோ ஒரு மாட்டு டாக்டர் எழுதியிருந்தார். 'உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒன்பதாம் ஊரில் மட்டும் பாலில் ஆன்டிபயாடிக் துளியும் இல்லை என்கிறீர்கள். அங்கே என்னதான் செய்கிறார்கள்? சொன்னால் நாங்களும் செய்வோம்.'

என்ன செய்கிறார்கள்? எழுதியவளுக்கே தெரியாதே!

ரூபா சித்தூர்க்காரி. திருப்பதியில் ஒரு ஆய்வு மையத்தில் வேலை. கறவை மாடுகளுக்கு எவ்வளவு ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள், பாலில் எவ்வளவு மிஞ்சுகிறது, அதிலேயே வளர்ந்து பழகும் கிருமிகள் அப்புறம் எந்த மருந்துக்கு அடங்காமல் போகின்றன என்று பதினோரு ஊர்களில் மூன்று வருடம் நாயாய் அலைந்து எழுதிய கட்டுரை அது. ஒன்பதாவது ஊர், பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம். ஊசி போடுவதில் அதுதான் முதலிடம். பாலில் மிச்சமோ சைபர். 'ஊசி போட்டபின் சில நாள் பாலைத் தவிர்ப்பதால் இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதி வைத்தாள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அதுதான் முன்மாதிரி ஊர் என்று மையத்தின் தலைவர் ஜெகநாதன் அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பமே போட்டுவிட்டார். திட்டம் கிடைத்தால் ரூபாவுக்கு வேலை நீடிக்கும். இல்லையென்றால் மார்ச்சோடு சரி.

"பேப்பர் வந்தாச்சு, எல்லாரும் மெச்சறாங்க. உனக்கு இன்னாம்மா குடைச்சல்?" என்றார் ஜெகநாதன்.

"ஒண்ணுமில்ல சார். அந்த டாக்டருக்குப் பதில் எழுதணும். கேட்டுக்கினு வந்துடறேன்."

குடைச்சல் இல்லாமலா புத்தூரில் பஸ் மாறி, பிச்சாட்டூரில் ஷேர் ஆட்டோ பிடித்து, சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு, ஒன்பதாம் ஊரில் முன்பு சாம்பிள் கொடுத்த செங்கமலத்தின் வாசலில் போய் நின்றாள்? முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் செங்கமலம். இப்போது சொந்தமாக அரை ஏக்கர், மூன்று மாடு. ரூபாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்க மேடம்! மெலிஞ்சு பூட்டீங்களே, துன்றது கிடையாதா?"

சிவப்பு மாட்டுக்கு மடி வீங்கி, நேற்றுதான் ஊசி போட்டிருந்தார்கள். ரூபா நோட்டைத் திறந்தாள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்க மாட்டீர்கள் என்று கேட்டாள்.

"நாளை யாரு எண்ணிக்கினு இருப்பா? தினமும் அந்தப் பாலுல ஒரு டம்ளர் எடுத்து உறை ஊத்தி வெப்பேன். தயிரு தோயற வரைக்கும் பால்காரருக்குக் குடுக்க மாட்டோம். குடுத்தா, தோயலன்னு ஓட்டல்காரங்க அவரு மேல பாயறாங்களாம்."

ரூபாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பாலில் மருந்து இருந்தால் தயிராக்கும் கிருமியும் செத்துப்போகும். அப்புறம் எங்கே தோய்வது? லட்ச ரூபாய் மெஷின் சொல்வதை இந்த அம்மாள் ஒரு டம்ளரில் கண்டுபிடித்துவிடுகிறாளே! கென்யாவுக்கு எழுத வேண்டிய பதில் மனசுக்குள் கடகடவென்று ஓடியது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கேட்டுப் பழகிய வாய், சும்மா இருக்குமா?

"தோயற வரைக்கும் அந்தப் பாலை என்ன பண்ணுவீங்க? கீழ கொட்டிடுவீங்களா?"

"ஐயே, பாலைப் போயி கொட்டுவாங்களா? டீ போட்டு நாங்களே குடிச்சிக்குவோம்."

ரூபாவின் பேனா நின்றது. மற்ற ஊர்களில் பால் சென்டர் கேனிலிருந்து சாம்பிள் எடுத்தாள். இங்கே சென்டர் கிடையாது. வீடு வீடாகப் போய், வீட்டில் குடிக்கிற பாலில் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். வீட்டில் குடிப்பது ஊசிப்பால் என்றால் சைபர் எப்படி வந்தது?

"அப்ப அன்னிக்கு எனக்குக் குடுத்தது எந்த மாட்டுப் பால்?"

"கறுப்பி பாலு. இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க! வூடு தேடி வந்தவங்களுக்கு ஊசிப்பாலு குடுப்போமா? ஊருல யாருமே குடுத்திருக்க மாட்டாங்க." செங்கமலத்துக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது.

அடக் கடவுளே! நாற்பது வீடு, நாற்பது புட்டி. அத்தனையும் விருந்தாளிக்கென்று பொறுக்கிக் கொடுத்த நல்ல பால். அதைத்தான் அச்சில் ஏற்றி உலகத்துக்கே சொல்லியிருக்கிறாள். இவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

செங்கமலத்தின் மகள் கௌசிகா பள்ளிக்கூடப் பையோடு வந்து, அடுப்படியில் ஆற்றி வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். காதில் பஞ்சு. "ரெண்டு மாசமா சீழு. எந்த மாத்திரையும் கேக்கல," என்றாள் செங்கமலம். அதற்கும் இந்தப் பாலுக்கும் முடிச்சுப் போட ரூபாவிடம் ஆதாரம் இல்லை. ஆதாரத்தைத் தேடக்கூட விடாமல் அவளுடைய சைபர்தான் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

ரூபா தன் பையிலிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்தாள்.

"செங்கமலம்மா, நான் எழுதினது தப்பு. அச்சுப் போட்டவங்களுக்குச் சொல்லித் திருத்தணும். எனக்கு அந்தச் சிவப்பு மாட்டுப் பால் வேணும்."

"அப்ப எங்க ஊருக்குக் கெட்ட பேரா?"

"கெட்ட பேரு எனக்குத்தான். வேலையும் போவும்."

"அதுக்குன்னு உங்களுக்கு எப்டி மேடம் அந்தப் பாலைக் குடுக்கறது? மனசு வரல."

"கௌசிகாவுக்குக் குடுக்கறீங்களே."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று ரூபாவுக்கே உறைத்தது. செங்கமலம், மகள் வாயருகே கொண்டுபோன டம்ளரைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். உள்ளே போய் மூடி வைத்திருந்த சொம்பை எடுத்து வந்து, புட்டியின் கழுத்துவரை ஊற்றினாள்.

"எழுதிக்கோ," என்றாள். அதுவரை மேடம், நீங்க என்று பேசியவள். "மூணு வேளையும் எம் பொண்ணு குடிக்கிற பாலுன்னு எழுதிக்கோ."