கிணற்றடி மரத்தின் கோடுகள்

மூலனூர்த் தோட்டங்களில் முருங்கை சாகத் தொடங்கி மூன்றாவது வருஷம் அது; தொண்ணூற்றாறு. முதலில் நுனி மஞ்சளாகும், பிறகு இலை கொட்டும். தூரைத் தோண்டிப் பார்த்தால் வேர் கறுத்து, விரலால் நசுக்கினாலே உதிரும்.

அந்த மரங்களின் இலைக்காகத்தான் சாயிரா பானு கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். திருப்பூர்க்காரி. அப்பா கைருதீன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால், "எதுல பாய், துணியிலயா?" என்று கேட்பார்கள். "முருங்கையில" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

வேலை இதுதான். இலையை அரைத்து மரபணுவைப் பிரித்து, கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், நீல விளக்கின் கீழே கோடு கோடாகத் தெரியும். கோடு மாறினால் மரத்தின் வம்சம் வேறு. வீட்டு முருங்கைக்கு ஒத்துவருகிற அதே சோதனை, ஊருக்கு வெளியே கரட்டு மேட்டில் தானாக முளைக்கும் காட்டு முருங்கைக்கும் ஒத்துவரும், இரண்டும் பங்காளிகள். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தோட்டத்து மரங்கள் முப்பத்தைந்து, காட்டு மரங்கள் ஐந்து என நாற்பது இலைக் குப்பிகளுக்கும் எண் போட்டாள்.

தோட்டத்துக் கோடுகள் எல்லாம் ஒரே அச்சு. விதை போடாமல், போத்து என்று கிளையை வெட்டி வெட்டி நட்ட ஊர். பார்க்க ஆயிரம் மரம், உள்ளே ஒரே மரம். ஒன்றைச் சாய்க்கிற நோய்க்கு மற்றதைச் சாய்ப்பது கஷ்டமில்லை.

முப்பத்தொன்று மட்டும் விலகி நின்றது. அது செங்கோட்டையனுடைய கிணற்றடி மரம். சுற்றிலும் மற்ற மரமெல்லாம் பட்டுப்போயிருக்க, அது ஒன்று பச்சையாக நின்றது. அதன் கோடுகள் அப்படியே காட்டு முருங்கையின் கோடுகள். அதேபோல், காட்டு மரங்களில் முப்பத்தேழு மட்டும் வீட்டு முருங்கையின் கோடுகளைக் காட்டியது. ஆடு மேய்க்கப் போனவர் யாரோ நட்டுவைத்த போத்தாக இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பச் சோதிக்கத் தோன்றவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே மூலனூருக்குப் போய்ச் சொன்னாள்.

"நெசமாவா அம்மிணி? இதுக்கு நோவு வராதா?" என்றார் செங்கோட்டையன்.

"வராதுங்கய்யா. இது வேற வம்சமுங்க."

அவர் அந்த மரத்தில் போத்து வெட்டி இரண்டு ஏக்கரில் நட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒன்பது பேர் வந்து வாங்கிப்போனார்கள்.

மறு வருஷம் தீசிஸுக்குப் படம் எடுப்பதற்காகக் கிணற்றடி மரத்தின் இலையைப் புதிதாக எடுத்து ஓட்டினாள். தோட்டத்து எல்லா மரத்துக்கும் வருகிற கோடுதான் வந்தது. மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அதே. பழைய குப்பிகளை எடுத்து விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தாள். ஸ்பிரிட் பட்டு மங்கிய எண்களை முதல் சோதனையின்போது அவள்தான் திரும்ப எழுதியிருந்தாள். முப்பத்தொன்றை முப்பத்தேழாகவும், முப்பத்தேழை முப்பத்தொன்றாகவும்.

வழிகாட்டிப் பேராசிரியர் சாமியப்பன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "தெரிஞ்சுபோச்சுல்ல, தீசிஸ்ல சரியானதைப் போட்டுருங்க. தோட்டத்துல போயி இதைச் சொல்லிட்டு நிக்க வேண்டாம். நாளைக்கு ஒருத்தரும் நமக்கு இலை தர மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் சாயிரா மூலனூர் போகத் தாராபுரம் பஸ்ஸில் ஏறினாள்.

போத்துகள் துளிர்த்து இடுப்பளவு நின்றன. செங்கோட்டையன் வரப்பில் நின்றிருந்தார்; அவர் மனைவி மருதாள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, நான் சொன்னது தப்புங்க. குப்பி மாறிப்போச்சுங்க. கெணத்து மரமும் மத்த மரமும் ஒண்ணுதானுங்க."

மருதாள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். "உன்ற பேச்சைக் கேட்டுத்தான அம்மிணி சோளங்கூடப் போடாம உட்டோம்!"

செங்கோட்டையன் கிணற்றடி மரத்தைக் காட்டினார். "அப்ப இது மட்டும் ஏன் சாகுல?"

"தெரியலீங்க."

"தெரியலீன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். குரல் உயரவில்லை. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவரே துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க. ஒம்பது தோட்டத்துலயும் நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. நானும் வாறேன்."

வெயிலில் நடந்தார்கள். முதல் தோட்டத்தில் குப்பி, எண், ஸ்பிரிட் என்று எல்லாம் விளக்கினாள். ஐந்தாவது தோட்டத்துக்கு வரும்போது, "தப்புப் பண்ணிட்டேனுங்க, இந்தப் போத்தை நம்பாதீங்க" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அழகுமலை என்பவர், "படிச்சுப்போட்டு எங்க பொழப்புல வெளையாடறீங்களா?" என்று கத்தினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். சென்னம்மாள் என்ற விதவை வரப்பிலிருந்து இறங்கிப் போத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். சாயிராவும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இருவரும் அந்த வரிசை முடியும்வரை பிடுங்கினார்கள்.

கிடைத்த மரங்களிலெல்லாம் புதிதாக இலை எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நடந்த பிழையைத் தீசிஸில் தனிப்பக்கமாக எழுதினாள். சாமியப்பன் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தோட்டக்காரர்கள் மூன்று பேர் இலை தர மறுத்துவிட்டார்கள். அவள் வற்புறுத்தவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு செங்கோட்டையனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது, கிணற்றடி மரமும் மஞ்சள் கட்டிவிட்டது, வெட்டப் போகிறோம், இலை வேண்டுமானால் வரவும் என்று எழுதியிருந்தார்.

போனாள். மருதாள் வாசலில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாயிரா கிணற்றடிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். இலை இருந்த கிளை உயரத்தில் இருந்தது. பின்னாலேயே வந்த மருதாள் அந்தக் கிளையை வளைத்து, அவள் பறித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.