முப்பத்திரண்டு பிட்

என் கணவருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. நான் வேலை முடிந்து என் தம்பி வீட்டுக்கு வருவதற்குள் அவனுக்கு உதவி செய்து முடித்திருந்தார்.

தம்பிக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், பேசிப் பேசித் தன் குரலை ஒரு பழைய புரோகிராமில் பதிந்து வைத்திருந்தான். மகளைக் கூப்பிடுவது, மனைவியிடம் சண்டை போடுவது, என்னைக் கிண்டல் செய்வது எல்லாம் அதில் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு, பட்டியலில் தொட்டால்தான் அவன் குரல் வரும். கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினான். புரோகிராம் திறக்கவில்லை, ஏதோ ஃபைல் இல்லை என்றது.

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. பழைய புரோகிராம் ஓட, அதன் காலத்து அடிப்படை ஃபைல்கள் வேண்டும். ரன்டைம் என்போம். "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க, மொதல்ல காப்பி எடுக்கணும்" என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"புது மெஷின் அறுபத்திநாலு பிட்டாச்சேன்னு அதுக்கான ரன்டைம போட்டேன், திறக்கல" என்றார் கணவர். "அப்புறம் அந்த ஒரு ஃபைல மட்டும் சும்மா தர்ற சைட் கெடச்சுது. வைரஸ் காவல கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுச்சு..."

"நிறுத்திட்டீங்களா?"

அவர் திரையைக் காட்டினார். ஃபைல்களைப் பூட்டிவிட்டதாக, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்டு ஒரு மிரட்டல் நின்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். தம்பி என் கையைப் பிடித்து, விடு என்பதுபோல் தலையாட்டினான்.

டிஸ்கைக் கழற்றி, மிஞ்சியதை என் லேப்டாப்பில் காப்பி எடுத்தேன். புரோகிராம் முப்பத்திரண்டு பிட், அறுபத்திநாலுக்கு முந்தைய தலைமுறை. மெஷின் எவ்வளவு புதிதானாலும் அதற்கு முப்பத்திரண்டு பிட் ரன்டைம்தான். தயாரித்த கம்பெனியின் தளத்திலேயே தேடியெடுத்து, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்துப் போட்டேன். முதல் கிளிக்கிலேயே திறந்தது. இவ்வளவுதான் வேலை. அழுகையாக வந்தது.

பட்டியலில் ஒவ்வொன்றாகத் தொட்டோம். எதுவும் பேசவில்லை. சாவி யாரோ முகம் தெரியாதவனிடம் இருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. நான் மைக் மாட்டிக்கொடுத்த அன்று சோதனைக்குப் பேசியது.

"டெஸ்ட்... டெஸ்ட்... அக்கா, கேக்குதா?"

"கேக்குதுடா" என்றேன்.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து அவன் மகள் ஓடி வந்தாள். "அப்பா பேசிட்டாரா? என்னக் கூப்பிடுப்பா!"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு இருந்த ஒன்றையே மறுபடி தொட்டான்.

"அக்கா, கேக்குதா?"