உள்ளே வந்த பறை

என் அக்காள் புருஷன் வேதநாயகம் கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. ஊர் மெச்ச வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஜெபமே. கடல் கடந்து நாங்கள் பிழைக்க வந்த ஜார்ஜ் டவுனின் கேளிக்கைப் பூங்காவில் பாடிக்கொண்டிருந்த பிரேசில் நாட்டுக் குழுவினரும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள்தான் என்று கேள்விப்பட்டதும், கம்பெனித் துரைமாரும் உறவினரும் வரும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் தன் பங்களாவுக்கே அழைத்துவிட்டார். நான் டீச்சர் வேலை பார்ப்பதால் மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஐந்து பேர் வந்தார்கள். எல்லோரும் நம்மைவிடக் கறுப்பு. அத்தான் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். குழுத் தலைவர் ஜோவாகிமுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. "எங்கள் தாத்தாமார் கரும்புத் தோட்டத்து அடிமைகள். எஜமான் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைத் தாளத்தில் வைத்துச் சொன்னார்கள். அதைத்தான் பாடுகிறோம்" என்றார். நான் தமிழில் சொன்னதும் கூட்டம் உச்சுக் கொட்டியது. அத்தான் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அவர்களுடைய பெரிய மேளம் அன்று காலையில்தான் கிழிந்துபோயிருந்தது. வேறு மேளம் கிடைக்குமா என்று கேட்டார்கள். அத்தான் சூசை அண்ணனுக்கு ஆளனுப்பினார். சூசை அண்ணன் நகரசபைக் குப்பை வண்டிக்காரர். எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றார். பூசைக்கு வந்தால் கடைசி வரிசை. சாவு வீட்டுக்கு மட்டும் அவருடைய பறை வேண்டும்.

சலவை வேட்டியும் மழித்த முகமுமாக, மனைவி அமலம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, மொத தடவையா ஒரு சந்தோஷத்துக்கு அடிக்கப் போறேன். அதான் இவளையும் கூட்டியாந்தேன்" என்றார்.

கேட்டிலேயே அத்தான் கையை நீட்டினார். "பறையக் குடு. நீ இங்கயே நில்லு."

பறை உள்ளே வந்தது. தீயில் காய்ச்சாத தோல் ஜோவாகிம் கையில் தொப்தொப்பென்றது. வேலைக்காரன் அதைக் கேட்டுக்குக் கொண்டுபோனான். சூசை அண்ணன் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிக் கொடுத்தார். கணீரென்று ஒரு பாட்டு. பிறகு தோல் தளர்ந்தது, மறுபடியும் கேட்டுக்குப் போனது. செத்த மாட்டின் தோல் உள்ளே வரலாம், உயிரோடு இருக்கும் மனிதர் வரக் கூடாது! அடிமைப் பாட்டுக்குத் தட்டியதும் இதே கைகள்தான்.

"இதைச் சூடாக்குகிறவர் ஏன் வெளியே நிற்கிறார்?" என்று ஜோவாகிம் கேட்டார்.

"அவர் பிறந்த சாதி இந்த வாசலுக்குள் வரக் கூடாதாம்" என்றேன்.

அவர் பறையைக் கீழே வைத்தார். "அவர் வந்து வாசித்தால்தான் பாடுவோம்."

நான் அதைச் சொன்னதும் அத்தான் முகம் சுண்டிப்போனது. வந்திருந்த துரைமாரைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்துக் கத்தினார். "சரிலா, இன்னிக்கு மட்டும் உள்ள வா!"

ஒரு காலை உள்ளே வைத்த சூசை அண்ணன் நின்றுவிட்டார்.

"இன்னிக்கு மட்டும்னா, நாளைக்கு நான் யாருங்கய்யா?"

நானே பறையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டு அமலம்மாளுடன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அத்தான் பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. தீர்த்தம் தெளிக்கிற வேலை மிச்சம்."

என்ன சொல்கிறார் என்று ஜோவாகிம் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து பேரும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

அந்தப் பேச்சு ஒரு நிமிஷம் என் வாயிலும் இருந்ததே என்று, நான் வாய் கொப்பளிக்கக் கிணற்றடிக்குப் போனேன்.