வாய்க்குள் குஞ்சு

கொளஞ்சியம்மாளுக்கு வலது தோள் தூக்க வரவில்லை. இடது கையால்தான் மீன் பிடிக்கும் பறியை இழுத்தாள். மூங்கில் பறிக்குள் நேற்று சாயங்காலம் வைத்த தவிட்டு உருண்டை கரைந்துபோய், விரல் நீளமும் சாண் நீளமுமாக ஜிலேபிக் கெண்டைகள் துள்ளின. கார்த்திகையில் ஆரம்பித்த வேலை, மாசியும் வந்துவிட்டது. அள்ள அள்ள ஊறுகிறதே தவிர, குறைகிற பாடில்லை.

ஏரித் தண்ணீர் பாய்ச்சியபோது குட்டைக்குள் வந்து சேர்ந்த சனியன்கள். போடுகிற தீனியை எல்லாம் இவை தின்றுவிட, விற்பதற்காக வளர்க்கும் கட்லா மீன்கள் உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை. பெங்களூரில் கட்டட வேலையை விட்டுவிட்டு வந்து மகன் பகலவன் வெட்டிய குட்டை. கட்லா தேறாவிட்டால் அவன் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான். அவன் மனைவி ஷாலினிக்கோ இரண்டு கரு தங்காமல் போய், இது ஏழாம் மாதம்.

பறி தூக்குவது கொளஞ்சியம்மாள். மீனைப் பொறுக்கிக் கூடையில் போடுவது பகலவன். மோட்டார் கொட்டகை வரை போனவள், மறந்துவிட்ட துண்டுக்காகத் திரும்பி வந்தாள். அவன் குனிந்து, இரண்டு கையாலும் மீனைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா பண்ற?”

“வாயில குஞ்சு வெச்சிக்கினு இருக்குதும்மா. அந்த மாதிரி பெருசுங்கள மட்டும்தான்...”

“எத்தினி நாளா?”

“மொதல்லேர்ந்தே.”

கொளஞ்சியம்மாள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நான் அள்ளிக்கினே இருக்கேன், நீ வெதச்சிக்கினே இருக்க. நல்லா இருக்குதுடா நம்ம வெள்ளாம!”

“பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கசொல்ல உசுர எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? வூட்டுக்குள்ள பாம்பு வந்தப்பகூட அடிக்க வுடல.”

“அப்ப சின்னதுங்க?”

“அதுங்கள நான் கொல்லல. கூடையில தானா சாவுது.”

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. “தள்ளு. பொறுக்கறதையும் நானே பாத்துக்கறேன். பாவம் என்னோட போவட்டும்.”

பறிக்குள் கை விட்டு ஒன்றைப் பிடித்தாள். அது வாயைத் திறந்து, கடுகு கடுகாக உயிரை அவள் உள்ளங்கையில் துப்பியது. கொஞ்ச நேரம் கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை.

“அந்த பக்கெட்டுல தண்ணி மொண்டாடா.”

“எதுக்கு?”

“இதுங்கள பாழுங்கெணத்துல வுட்டுட்டு வா.”

“கெணறு ரொம்பிப் போச்சின்னா?”

“அதுக்குள்ள புள்ள பொறந்துடும். அப்புறம் பறிய நீ தூக்கு. தோளு வலி இன்னான்னு தெரியட்டும்.”

அவன் பக்கெட்டோடு நடந்தான். அவள் அடுத்த பறியின் கயிற்றை இடது கையால் பிடித்தாள்.